கீரி ரோட்டு வீட்டுத் தென்னை

1

இந்தக் கதை எனக்குக் கற்பிட்டித் தேத்தண்ணிக் கடை ஒன்றில் கிடைத்தது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. பக்கத்து மேசையில் ஒருவர், வீடு வாங்கி வாடகைக்கு விட்டுப் பிழைப்பது எப்படி என்று இன்னொருவருக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். "வள்ளம் தாழும், கருவாடு புழுக்கும், கடை நொடிக்கும். நாம படுத்துக் கிடந்தாலும் உழைக்கிறது வீடு மட்டுந்தான்." பேசி முடித்து அவர் எழுந்து போனது அகதி முகாமின் கிடுகுக் கொட்டிலுக்கு. எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் எழுத உட்கார்ந்துவிடுவேன்.

அவருக்குச் சனூன் என்று பெயர் வைக்கிறேன். இனி வருவதெல்லாம் என் கட்டுக்கதை.

2

முதல் தொடக்கம்: மன்னார்க் கடல் அன்று வழக்கத்துக்கு மாறாக அமைதியாய்...

வேண்டாம். கடலில் இறங்கினால் நான் கரையேறுவதற்குள் பக்கம் முடிந்துவிடும்.

இரண்டாம் தொடக்கம்: சனூன் கருவாட்டில் வந்த லாபத்தையெல்லாம் வீடாக்கினார். மன்னாரில் கீரி என்ற கடற்கரைக்குப் போகும் ரோட்டில் வரிசையாக நாலு வீடு. ஒரு வீட்டின் வாடகைதான் அடுத்த வீட்டுக்கு அத்திவாரம். நாலாவது, மகள் நசீறாவின் சீதனத்துக்கு. கல்யாணம் வரைக்கும் சும்மா கிடப்பானேன் என்று அதையும் வாடகைக்கு விட்டார். விடத்தல்தீவிலிருந்து ஷெல்லுக்குப் பயந்து வந்த லூர்தம்மா அதில் குடியேறினாள்.

குடிவருகிறவர்களிடம் சனூனுக்கு ஒரே கண்டிப்பு. வீட்டு வளவிலுள்ள தென்னையில் தானாக விழும் தேங்காய் குடியிருப்பவருக்கு. பறிக்கும் தேங்காய் வீட்டுக்காரருக்கு.*

* ஊர் முழுக்க இதுதான் வழக்கமா என்று என்னைக் கேட்காதீர்கள். சனூனின் வளவுகளில் இதுதான்.

3

தொண்ணூறு ஒக்டோபரில் ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் முஸ்லிம்களை மட்டும் ஊரைவிட்டுப் போகச் சொன்னது. சனூன் குடும்பத்தோடு வள்ளமேறினார். (இங்கே ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். அழவைப்பது லேசு. எனக்கு வீட்டுக் கணக்கு முக்கியம்.)

கற்பிட்டியில் யாரோ ஒருவரின் தென்னந்தோப்பில் கொட்டில் கிடைத்தது. நாலு வீட்டுக்குச் சொந்தக்காரர் குடியிருப்பவரானார். தோப்பில் விழுந்ததை மட்டும் பொறுக்கினார். நசீறா காய்ச்சலில் இளநீருக்கு ஏங்கியபோதும் அண்ணாந்து பார்த்தாரே தவிரப் பறிக்கவில்லை. அவருடைய சட்டம் அவருக்கும்தான்.

4

ஈராயிரத்து இரண்டில் சண்டை ஓய்ந்திருந்தபோது அவரை மன்னாருக்கு அனுப்புகிறேன். மூன்று வீடு தரைமட்டம். நாலாவது நிற்கிறது. பறந்துபோன ஓட்டுக்குப் பதில் தகரம். லூர்தம்மா தன் காசில் போட்டது.

லூர்தம்மாவைக் கெட்டவளாக்கிப் பார்த்தேன், சரிவரவில்லை. நல்லவளாக்கிப் பார்த்தேன், அது அதைவிட மோசம். விடத்தல்தீவில் அவள் வீட்டுக்குக் கூரையில்லை, வளவில் மிதிவெடி. இந்த வீடு போனால் ரோடுதான். காணிக் கந்தோர் எழுத்தர் ஒருவர் அவளுக்குச் சொல்லியும் வைத்திருக்கிறார்: "பத்து வருசத்துக்கு மேல உங்கட வீடா ஆண்டு போட்டியள், சட்டப்படி இனி அது உங்களுக்குத்தான். வாடகைக்கு இருக்கிறன் எண்டு மட்டும் வாய் திறக்காதேங்கோ."

"வாங்கோ நானா, இருங்கோ." அண்ணன் என்கிற முறையில் நானா என்றழைத்து, கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

என் வீட்டில் என்னை இருக்கச் சொல்கிறாளே என்று சனூனுக்குச் சுருக்கென்றது. இருந்தார்.

"சுகமா இருக்கியா தங்கச்சி?"

"ஓம், இருக்கிறன். நசீறா என்ன மாதிரி?"

"இன்னும் கல்யாணம் ஆகல்ல. வீடு இல்லாம ஆரு வருவான்?"

சனூன் வளவில் நின்ற குட்டைத் தென்னையைப் பார்த்தார். குலை குலையாய்க் காய்த்திருந்தது. கேட்க வந்த கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு காலமும் பறித்தாயா, பொறுக்கினாயா? அவள் தன்னை இந்த வீட்டில் யாரென்று நினைத்து வாழ்ந்தாள் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

"நல்லாக் காய்க்குது போல," என்றார்.

"காய்க்குது," என்றாள்.

5

முடிவு அ: "ஒரு காய் பறிக்கேல்லை நானா, வீடு உங்கட." நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். லூர்தம்மா மூட்டையோடு எங்கே போனாள் என்று ஒருவரும் கேட்க மாட்டீர்கள்.

முடிவு ஆ: "பறிச்சனான். வீடு என்ர." சனூன் திரும்பக் கொட்டிலுக்கு. நசீறாவின் தலைமயிர் நரைக்கத் தொடங்கி...

முடிவு இ: இருவரும் ஒரே வீட்டில் சமாதானமாக... சீ.

நடந்தது இப்படித்தான் இருக்கும். வெயிலில் வந்த மனுசனின் உதடு வெடித்திருப்பதை லூர்தம்மா கண்டாள். கிணற்றுத் தண்ணியோ உப்பு. முருங்கைக்காய் பறிக்கும் கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு தென்னையடிக்குப் போனாள்.

"களைச்சுப் போனியள் நானா. இளநீர் குடியுங்கோவன்."

வந்தவரின் வாயை நனைக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் நினைத்தது. நான் அதை நம்புகிறேன். தடியின் கொக்கி குலையில் மாட்டியது. அப்போதுதான், தான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. இழுக்கவுமில்லை, எடுக்கவுமில்லை. திரும்பிச் சனூனைப் பார்த்தாள்.

அவருக்கும் விளங்கிவிட்டது. பறிக்கிறவர்தான் வீட்டுக்காரர்; குடித்தால் வீடு அவளுடையது. வேண்டாமென்றால், அன்போடு நீட்டுகிற கையைத் தட்டிவிட்டு அவளை வெளியேற்றுகிற ஆள் அவர்.

நான் இதோடு விலகுகிறேன். சனூனுக்காக நீங்கள் வாயைத் திறவுங்கள். யோசிக்க நெடுநேரம் எடுக்காதீர்கள். தடி பாரம், அவளுக்குக் கை நோகிறது. அவருக்கோ தாகம்.