பாதி வெடித்த கடுகு

சென்ற மாசியில், திருமயம் பக்கத்துக் கரட்டுவயலில், என்றைக்கோ சின்னம்மை கண்டு தேறியவர்கள் கையால் போட்ட கடுகு எதுவும் எண்ணெயில் வெடிக்கவில்லை. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பது தெரிந்த வழக்கம்தான். வந்து போன அம்மைக்கெல்லாம் கடுகு வாயை மூடிக்கொண்டது புதிது. ஊருக்கெல்லாம் தடுப்பூசி போடத் தொடங்குமுன், யார் உடம்பில் ஏற்கெனவே எதிர்ப்பு இருக்கிறதென்று பார்க்க டாக்டர் ஷர்லி ஆட்களோடு வந்து ரத்தம் எடுத்துப் போனார். மறுநாள் காலைச் சட்டினியிலேயே இது தொடங்கிவிட்டது. ஊர் கலங்கவில்லை. சமையல்காரர் வெள்ளைச்சாமி விசேஷ வீடுகளில் கடுகு போடுவதற்கென்றே அம்மை காணாத ஒருத்தியைக் கூட்டிப் போனார். சீரோடு வந்த மருமகளைவிடக் கடுகு வெடிக்கிற கையோடு வந்த மருமகளுக்கு மவுசு கூடியது. சில வீடுகளில் ரசம் மட்டும் சப்பென்று இருந்தது.

குழம்பிப்போனவள் புவனேஸ்வரி ஒருத்திதான். அவளுக்கு வயிற்றில் மூன்று மாதம். ரத்தம் எடுத்த அதே வாரம் மூத்தவன் அஜித்துக்கு அம்மை போட்டது. சின்ன வயதில் தனக்கு வந்ததா என்று கேட்டுக்கொள்ள அவளைப் பெற்றவர்கள் உயிரோடு இல்லை. வந்திருந்தால் பிள்ளையோடு இருக்கலாம், வராவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, முடிவு வரும்வரை தள்ளி இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் எதிரே அண்ணன் வீட்டுக்குப் போனாள்; அண்ணனுக்கும் அது நினைவில்லை. அஜித்தை அவன் அப்பா நாகராசு பார்த்துக்கொண்டார். பிள்ளையின் அழுகை தெருவைத் தாண்டி வரும்போதெல்லாம் இவள் அடுப்பைப் பற்றவைப்பாள். போட்ட கடுகில் பாதி பொரியும், பாதி கம்மென்று கிடக்கும். சட்டியை மாற்றினாள், எண்ணெயை மாற்றினாள், அதே பாதிதான். ரத்த முடிவும் அப்படியே வந்தது.

"இருக்குன்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியலம்மா. எதுக்கும் தள்ளியே இருங்க" என்றார் ஷர்லி.

"எனக்குள்ள ரெண்டு உசுரு இருக்குல்லங்க? வெடிச்சது யாரோடது, வெடிக்காதது யாரோடது? அத மட்டும் சொல்லுங்க டாக்டர்."

மெஷின் அப்படியெல்லாம் பிரித்துப் பார்க்காது என்று ஷர்லி வருத்தத்தோடு சொன்னார். அன்று சாயங்காலம் அஜித் கஞ்சி இறங்காமல் ஆத்தா, ஆத்தா என்று அரற்றினான். புவனேஸ்வரி இந்த முறை அடுப்பைப் பற்றவைக்கவில்லை. தெருவைக் கடந்து போய்விட்டாள். நாகராசு வாசலில் மறித்தார்.

"இங்கிட்டு வராத புள்ள. வயித்துல இருக்கதுக்கு நீதான காவலு?"

"உள்ள கெடக்குறவனுக்கு யாரு?"

அவர் வழிவிட்டார். அவள் போய்ப் பிள்ளையை அணைத்துப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு முத்துகூடப் போடவில்லை. ஆவணியில் பெண் பிறந்தது, சுகப்பிரசவம். குழந்தையின் தோளில் மட்டும் ஆறி வருஷக்கணக்கானது போல ஓர் அம்மைத் தழும்பு இருந்தது. ஷர்லி வந்து பார்த்தார், குழந்தை நன்றாக இருக்கிறது என்றார். வயிற்றில் இருந்த பிள்ளைக்குத் தான் செய்தது நல்லதா கெட்டதா என்று புவனேஸ்வரிக்கு இன்றுவரை விளங்கவில்லை. அஜித் அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்தான்.

"பாப்பாவும் அன்னைக்கு என்கூடத்தான் படுத்திருந்துச்சா?"

"ஆமாய்யா," என்றாள் அவள், "மூணு பேருந்தான் படுத்திருந்தோம்."