உயிர்ப்புக்கு எத்தனை மார்க்

"அஞ்சே நாள் மாமா" என்று சொல்லிக்கொண்டுதான் என் அக்கா மகள் டெனிட்சா வந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் கணவன் யாவோர். அவனுக்குப் பின்னால் லிஃப்ட் நான்கு தடவை ஏறி இறங்கியது. மடக்கு சைக்கிள் ஒன்று, கணினித் திரைகள் இரண்டு, யானைக் கன்று அளவுக்கு ஓர் உடற்பயிற்சிப் பந்து, தொட்டியோடு ஓர் அத்திமரம். அத்திமரத்துக்கு ஜன்னலோரம்தான் பிடிக்குமாம். எனக்கும்தான் பிடிக்கும். யார் கேட்டார்கள்?

அவர்கள் குடியிருந்த வீட்டைச் சொந்தக்காரர் விற்றுவிட்டார். சோபியா நகரத்தில் எந்தப் பேட்டையில் அடுத்த வீடு பார்ப்பது என்று முடிவு செய்ய ஐந்து நாள் போதும் என்றார்கள். நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். நடுவழியில் மாட்டிக்கொண்ட சனங்களிடம் "அஞ்சே நிமிஷம்" என்று கத்திவிட்டுக் காபி குடிக்கப் போனவன். அந்த ஐந்தின் லட்சணம் எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஆனாலும் நம்பினேன்.

இது நடந்தது செப்டம்பர் தொடக்கத்தில். அக்டோபர் பாதிக்கு மேல் போயும் அவர்கள் என் வரவேற்பறையிலேயே இருந்தார்கள்.

நதேஷ்தா பேட்டையில் ஒரு கான்கிரீட் கட்டடத்தின் நாலாவது மாடி என் வீடு. வரவேற்பறை என்றால் பெரிய அரண்மனைக் கூடம் இல்லை. ஒரு சோபா, ஒரு மேசை, ஒரு பகடைப் பலகை. ஆனால் பதினோரு வருடமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் மாலை ஐந்து மணிக்கு மூன்றாவது மாடி ஸ்டெஃப்கா வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடியோடு அங்கே வருவாள். அவள் ஓய்வு பெற்ற ரசாயன ஆசிரியை. கணவரை இழந்தவள். முழங்கால் கொஞ்சம் மோசம், நாக்கு ரொம்ப மோசம். நான் ரக்கியா என்ற பழச்சாராயம் ஊற்றுவேன். அவள் பகடை உருட்டுவாள். என்னை ஜெயிப்பாள், திட்டுவாள், ஏழு மணிக்குப் போவாள். இதற்காகத்தான் நான் மீதி ஆறு நாளும் உயிரோடிருந்தேன். மிகைப்படுத்தவில்லை.

யாவோரின் ஆபீஸ் முதலாளி அமெரிக்காவில் இருக்கிறார். அவருக்கு வியாழக்கிழமை காலை விடிந்தால் இங்கே மாலை ஐந்து மணி. சரியாக அந்நேரம் யாவோர் சோபாவில் உட்கார்ந்து திரையைத் திறப்பான். அதில் பதினான்கு முகங்கள் தெரியும். முதல் வியாழன் ஸ்டெஃப்கா ஜாடியோடு வாசலில் நின்று பார்த்தாள்.

"மெதோடி, என்ன இது? நான் பகடை உருட்டுறத வேடிக்கை பாக்க அமெரிக்காவுலேர்ந்து ஆளக் கூட்டிட்டு வந்திருக்கியா?"

"அஞ்சே நாளு ஸ்டெஃப்கா."

"சரி, அஞ்சு நாள் கழிச்சுச் சொல்லியனுப்பு."

மூன்றாவது வியாழன் அவள் ஜாடியோடு லிஃப்டில் ஏறினாள். லிஃப்ட் நாலாவது மாடியைத் தாண்டி ஆறாவதில் போய் நின்ற சத்தம் என் காதில் விழுந்தது. ஆறாவது மாடியில் இருப்பவன் பல் வைத்தியன் ஸ்பிரிடோன். ஓய்வு பெற்றவன், மனைவி இல்லாதவன், மீசைக்குச் சாயம் போடுகிறவன். அவனிடமும் ஒரு பகடைப் பலகை இருக்கிறது. இனி நீங்களே புரிந்துகொள்ளுங்கள். பனி விழுவதற்குள் என் வரவேற்பறை எனக்குத் திரும்பக் கிடைக்காவிட்டால், ஸ்டெஃப்காவின் ஊறுகாய் நிரந்தரமாக இரண்டு மாடி மேலே போய்விடும்.

அதனால் நானே அவர்களுக்கு வீடு பார்க்கக் கிளம்பினேன். என் பழைய லாடா காரில் மூவரும் தினமும் ஒரு பேட்டைக்குப் போனோம்.

யாவோரிடம் ஓர் அட்டவணை இருந்தது. இருபத்து மூன்று பேட்டைகள், நாற்பது கட்டங்கள். மெட்ரோ எத்தனை நிமிட நடை, வீத்தோஷா மலை தெரியுமா, நல்ல ரொட்டி எங்கே, கெட்ட நாய் எங்கே. எல்லாம் சரி. கடைசிக் கட்டத்துக்கு அவன் வைத்த பெயர் 'உயிர்ப்பு'. அதற்கு மட்டும் இரட்டை மார்க். அதை அளப்பதற்கு அவன் ஒரு முறை வைத்திருந்தான். ஒரு தெருமுனையில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு ஏழு நிமிடம் நிற்பான். டெனிட்சா கைப்பேசியில் நேரம் பார்ப்பாள். நான் காரில் உட்கார்ந்து, இவன் பைத்தியம் இல்லை, படித்தவன்தான் என்று போகிற வருகிறவர்களுக்குச் சமாதானம் சொல்வேன். கண்ணாடிக் கோபுரத்தில் வேலை செய்கிற இந்தத் தலைமுறைக்குத் தெரு உயிரோடு இருக்கிறதா என்று கண்ணை மூடினால்தான் தெரிகிறது. திறந்தால் கைப்பேசி மட்டும்தான் தெரிகிறது.

லோசெனெட்ஸ் பேட்டைக்குப் போனோம். அங்கே நாய்கள் என்னைவிட நன்றாக உடுத்தியிருந்தன. தெரு எவ்வளவு சரிவு என்றால், கை தவறி விழுந்த ரொட்டி ஊர் எல்லையில்தான் நிற்கும். கார்கள் நடைபாதையில், பூச்செடியில், ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. யாவோர் கண் திறந்து, "கொஞ்சம் திமிரு ஜாஸ்தி" என்று மார்க் போட்டான். ஒபோரிஷ்தே பேட்டையில் கூரைகள் அவ்வளவு உயரம், அறைக்குள்ளேயே மேகம் திரண்டு மழை பெய்யும். "அழகா இருக்கு. ஆனா அழகா இருக்கோம்னு தெரிஞ்சு வெச்சிருக்கு" என்றான். மாணவர் பேட்டையில் இருபது வருடமாக யாருமே தூங்கியதில்லை. அங்கே உயிர்ப்பு அளவுக்கு மீறி இருந்ததால் மார்க் குறைத்தான். ம்லாதோஸ்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே அடித்த காற்றில் அவன் தொப்பி பறந்து எட்டாவது மாடி பால்கனியில் போய் விழுந்தது. அந்த வீட்டுக்காரி அதைத் திருப்பித் தரவும் இல்லை.

"ஏம்ப்பா, ஏதாவது ஒண்ண எடு. வீடுன்னா தூங்குறதுக்கு ஒரு கூரை" என்றேன்.

"மாமா, ஏரியாங்கிறது வெறும் கூரை இல்ல. அதுதான் நாம யாருன்னு சொல்லுது."

"இப்ப ஏழு வாரமா நீ யாரு?"

டெனிட்சா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அந்தப் பெண் பாவம். அவளுக்கு எந்தப் பேட்டையும் சம்மதம்தான்.

கடைசியில் இஸ்தோக் பேட்டை அட்டவணையில் முதலிடத்துக்கு வந்தது. மரங்கள், அமைதி, மலை, நல்ல ரொட்டி. ஆனால் வாடகைக்கு ஒரு வீடும் காலியில்லை. அப்போதுதான் யாவோருக்கு அந்த யோசனை வந்தது. சோபியாவில் யாராவது செத்தால் கறுப்புக் கரை போட்ட தாளில் படமும் பெயரும் அச்சடித்துக் கட்டட வாசலில் ஒட்டுவோமே, அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா, தரகருக்குத் தெரியுறதுக்கு முன்னாடி வீடு காலியாகப்போறது இந்தத் தாளுக்குத்தான் தெரியுது!"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெட்கத்தால் என்று சொல்ல ஆசை. உண்மையில் சந்தோஷத்தால். இவ்வளவு கேவலமான யோசனை என் எழுபத்திரண்டு வயதில் எனக்கே வந்ததில்லை.

இஸ்தோக்கில் நாங்கள் பார்த்த மூன்றாவது வாசலில் புதுத் தாள் ஒன்று இருந்தது. பேராசிரியர் கலோயன் என்று ஒரு கண்ணாடிக்காரர். யாவோர் படத்தைப் பார்த்தான், அழைப்பு மணியில் பெயரைத் தேடினான், பாய்ந்து படியேறினான். தாளின் உச்சியில் கொட்டை எழுத்தில் இருந்த ஒரு வரியை அவன் படிக்கவே இல்லை. 'நீங்கள் பிரிந்து ஓராண்டு.' நான் படித்தேன். சொல்லவில்லை.

கதவைத் திறந்த கிழவி எங்களைப் பார்த்துக் கலங்கிவிட்டாள். "அவர்கிட்ட படிச்ச பிள்ளைங்களா? உள்ள வாங்க, உள்ள வாங்க. யாருமே ஞாபகம் வெச்சுக்கலன்னு நெனச்சேன்." மாணவர்கள் என்று நினைத்துவிட்டாள். நினைவுநாள் மேசையில் சர்க்கரை தூவிய அவித்த கோதுமை இருந்தது. எங்களுக்குக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தாள். நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். பேராசிரியரின் ஆத்மாவுக்கு நல்லது. டெனிட்சா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாவோர் வாய் நிறையக் கோதுமையோடு கூரையை அளந்தான், சுவரைத் தட்டினான், கடைசியில் வாயைத் திறந்தான்.

"இந்த ஜன்னல் தெற்குப் பக்கமா அம்மா? நீங்க எப்ப காலி பண்றதா இருக்கீங்க?"

கிழவி கரண்டியைக் கீழே வைத்தாள். இவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எல்லாம் புரிந்துகொண்டாள்.

"அவர் போயி ஒரு வருஷம் ஆகுதுப்பா. நான் இன்னும் போகல. அவசரம்னா படிக்கட்டுல உக்காந்திரு. போறப்ப சொல்லிட்டுப் போறேன்."

வாசல் வரைக்கும் வந்து அவன் கையில் ஒரு பொட்டலம் கோதுமையும் திணித்தாள். "காத்திருக்கிறப்ப பசிக்கும்ல."

காரில் நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினேன். சாலை மோசம் என்று சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலை யாவோர் அட்டவணையை மறுபடி கூட்டினான். முகம் மலர்ந்தது. "மாமா, ஒரு ஆச்சரியம்! நம்ம லிஸ்ட்லயே இல்லாத ஒரு ஏரியாவ சும்மா சேர்த்துப் பார்த்தேன். இஸ்தோக்கையே தாண்டிருச்சு. வாடகை இல்ல, லிஃப்ட் ஓடுது, பால்கனியிலேர்ந்து மலை தெரியுது, சொந்தக்காரங்க பக்கத்துலயே இருக்காங்க..."

"எந்த ஏரியாப்பா?"

"இதுதான் மாமா. நதேஷ்தா. உங்க வீடு!"

"உயிர்ப்புக்கு எத்தனை மார்க்?"

"பத்துக்கு ஒம்போது. நீங்க இருக்கீங்கல்ல."

அன்றிரவு நான் தூங்கவில்லை. மறுநாள் காலை அச்சுக்கடைக்குப் போனேன். வியாழன் மதியத்துக்குள் எங்கள் கட்டட வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சுற்றிலும் கறுப்புக் கரை. நடுவில் என் சோபாவின் பழைய படம், பின்னல் விரிப்போடு.

'ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். நாற்பத்தோராண்டுகள் அரட்டைக்கும் பகடைக்கும் இடம் கொடுத்த எங்கள் அருமை வரவேற்பறை, ஐந்து நாள் விருந்தாளிகளால் ஏழு வாரம் நோயுற்று நம்மை விட்டுப் பிரிந்தது. அன்னாரின் உடல் நாலாவது மாடியில் இன்று மாலை ஐந்து மணிக்குப் பார்வைக்கு வைக்கப்படும். துயரத்தில் வாடும் மெதோடி, மேசை, பகடைப் பலகை.'

நதேஷ்தாவில் ஒட்டிய தாளை யாரும் படிக்காமல் போகமாட்டார்கள். ஐந்து மணிக்கு எங்கள் படிக்கட்டில் வரிசை நின்றது. நாற்பது பேர் இருக்கும். எழுபது என்று சொன்னாலும் நான் மறுக்கமாட்டேன். சாவுக்குக் கொண்டுபோவதுபோல் ஆளுக்கு இரண்டு கார்னேஷன் பூ. யாவோர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பதினான்கு முகங்களுக்கு ஏதோ வரைபடம் விளக்கிக்கொண்டிருந்தான். சனங்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து தலை குனிந்து, அவனுக்கு இடமும் வலமும் சோபாவில் பூ வைத்துவிட்டுப் போனார்கள். தரைத்தள வங்கேலியா குனிந்து சோபாவின் கையை முத்தமிட்டுக் கண்ணைத் துடைத்தாள். "இதுலதான் எங்க வீட்டுக்காரர் ஒருதடவ தூங்கிட்டாரு" என்று விம்மினாள். வாசலில் ஸ்டெஃப்கா நின்றாள். கையில் பூவுக்குப் பதில் ஜாடி.

திரையில் அமெரிக்க முதலாளி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். நல்ல மனிதர். ரொம்ப நெருங்கின உறவா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

யாவோர் என்ன சொல்வான்? செத்தது ஒரு சோபா, கொன்றது நான் என்றா? "ஆமா... ஒரே வீட்டுலதான் இருந்தோம்" என்றான்.

முதலாளி அங்கேயே மூன்று நாள் துக்க விடுமுறை கொடுத்தார். திரை அணைந்தது. டெனிட்சா சமையலறையிலிருந்து வந்து சோபாவிலிருந்த பூக்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவள் காது சிவந்திருந்தது.

"யாவோர், எந்திரி. அந்த அட்டவணைய இங்கயே வெச்சிட்டு வா."

ஏழு வாரம் முடியாத காரியம் மூன்றே நாளில் முடிந்தது. டெனிட்சா முதலில் பார்த்த வீட்டையே எடுத்தாள். அது அட்டவணையில் இருபத்து மூன்றாவதாக நின்ற லூலின். சமையலறை ஜன்னலுக்குக் கீழே பேருந்து நிலையம். அதற்கு உயிர்ப்பில் முன்பு இவன் கொடுத்த மார்க் ஒன்று. இப்போது யாவோரைக் கேட்டுப் பாருங்கள். சோபியாவிலேயே உண்மையான பேட்டை லூலின்தானாம். மற்றதெல்லாம் வேஷமாம். கூட வேலை செய்கிறவர்களை எல்லாம் அங்கே குடிவரச் சொல்லி நச்சரிக்கிறானாம். அந்தப் பேட்டையின் ஒரே குறை இவன் அங்கே இருப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அத்திமரம் மட்டும் என்னிடமே நின்றுவிட்டது. புது வீட்டில் வெளிச்சம் போதாதாம்.

அடுத்த வியாழன் எங்கள் லிஃப்ட் ஏனோ நாலாவது மாடிக்கு மேல் ஏற மறுத்தது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். நான் ஓய்வு பெற்றவன். ஐந்து மணிக்கு லிஃப்ட் கதவு திறந்தது. ஸ்டெஃப்கா ஜாடியோடு வெளியே வந்தாள். வாசலில் நின்று அறையை மேலும் கீழும் பார்த்தாள். சோபாவில் தன் இடத்தில் உட்கார்ந்து முழங்காலை நீட்டினாள்.

"லிஃப்ட் ரிப்பேரு" என்றேன்.

"கேள்விப்பட்டேன். நேத்து நீ ஸ்பேனரோட மேல போனதையும் கேள்விப்பட்டேன்." பலகையைத் திறந்து காய்களை அடுக்கினாள். "அதில்லாட்டியும் இங்கதான் வந்திருப்பேன். ஸ்பிரிடோனு தோத்தா பல்லக் கடிக்கிறான். அதுவும் அவன் சொந்தப் பல்லு இல்ல. உருட்டு."