தலைக்கு மேலே இரண்டு டியூப்லைட்

கூடத்தில் எல்லோரும் அவளைத் தொப்பிக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை நேரம் முழுக்க ஒரு தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருப்பாள். பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் இடம் அது. வேலை நடப்பது ஒரே நீள அறையில். மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி வரிசை பிடிப்பது அவள் வேலை. ஒற்றைத் தலைவலிக்காரி. வெள்ளை வெளிச்சம் நேராக விழுந்தால் முதலில் இடது கண்ணோரம் மின்னும், அப்புறம் வாந்தி, அதோடு அன்றைய நாள் போச்சு. முதலாளியோடு ஒரு வருடம் மல்லுக்கட்டித்தான், தன் மேஜைக்கு மேலிருந்த இரண்டு டியூப்லைட்டையும் அணைத்து வைக்க அனுமதி வாங்கியிருந்தாள். மேஜைமேல் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு அவளுக்குப் போதும்.

எதிர் மேஜைக்குப் புதிதாக, பல்செட்டைச் சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கும் மெருகுக்காரர் வந்ததிலிருந்து தகராறு தொடங்கியது. அந்த இரண்டு விளக்குதான் அவர் மேஜைக்கும் வெளிச்சம். ஐம்பதைத் தொடும் வயது, அமைதியான மனிதர். ஆனால் அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்புவதற்குள் இரண்டு விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். அவள் அணைப்பாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி எரியும். வேறு இடத்துக்கு நகரவும் வழியில்லை. அவளுடைய மெழுகு அடுப்புக்கு வரும் காஸ் குழாயும், அவர் சக்கரத்தின் தூசியை இழுக்கும் குழாயும் சுவரோடு பதித்தவை.

"ஏங்க, வேணும்னே பண்றீங்களா?"

"எனக்கு வேலை ஓடணுமே தங்கச்சி."

முதலாளியிடம் போனாள். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கங்க. என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடாதீங்க."

அதன்பிறகு அவளுக்கு எதிலும் மனம் நிலைக்கவில்லை. மெழுகுக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே காது சுவிட்சின் பக்கம் திரும்பியிருக்கும். வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டால்கூடத் தூக்கிவாரிப்போடும். "பல்லைக் கடிச்சுட்டே தூங்குற. அடுத்த செட்டு உனக்குத்தான்" என்று கணவன் சிரித்தான்.

ஒருநாள் அவள் விளக்கை அணைத்த மறுநிமிடம் எதிரிலிருந்து ஒரு முனகல். மெருகுக்காரரின் கட்டைவிரல் சக்கரத்தில் உரசி ரத்தம் வழிந்தது. அவரை இழுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். வழியில் கிடந்த முக்காலியில் அவர் நேராகப் போய் மோதினார். பட்டப்பகலில், இடுப்புயர முக்காலி.

தண்ணீருக்குக் கீழே விரலைப் பிடித்தபடி அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணா, உங்களுக்குக் கண்ணு..."

"நேரா இருக்கறது தெரியும். பக்கத்துல இருக்கறது தெரியாது. குழாய் வழியா பாக்கற மாதிரி. வெளிச்சம் குறைஞ்சா அந்தக் குழாயும் சுருங்கிடும்." குரலைத் தாழ்த்தினார். "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. போன இடத்துல சொன்னேன், மறுநாளே வரவேண்டாம்னுட்டாங்க. என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது."

அவள் திரும்பி வந்து, தானே இரண்டு விளக்கையும் போட்டாள்.

தொப்பியோடு கறுப்புக் கண்ணாடியும் சேர்ந்தது. மாத்திரை இரட்டிப்பானது. மதியத்துக்குள் கண்ணோரம் மின்னத் தொடங்கும். கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவி வந்து உட்காருவாள். சொன்னால் அவர் வேலை போகும். சொல்லாவிட்டால் தன் தலை வெடிக்கும். வீட்டில் கணவனிடம் மட்டும் உடைத்தாள்.

"உன் தலையைவிட அந்தாளு கண்ணு உனக்குப் பெருசா போச்சா?" என்றான். அவன் ஈரத்துணியைப் பிழிந்து அவள் நெற்றியில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

முதலாளி ஒருநாள் அறையைச் சுற்றி வந்தவர் அவள் மேஜையருகே நின்றார். அண்ணாந்து பார்த்தார்.

"லைட்டு ஜோரா எரியுது, நீயும் ஜோரா வேலை பாக்குற! அப்ப இத்தனை நாளும் தலைவலி தலைவலின்னு ஆடினதெல்லாம் நடிப்பா?"

வாயைத் திறந்தால் என்ன வந்து விழுமோ என்று பயந்து அவள் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எதிரில் சக்கரம் நின்றது.

"அந்தப் பொண்ணு நடிக்கல சார். எனக்காகத்தான் பொறுத்துக்கிட்டிருக்கு." மெருகுக்காரர் எழுந்து நின்று, குழாயடியில் சொன்னதையெல்லாம் எல்லோர் முன்னாலும் சொன்னார். சொல்லும்போது மேஜை விளிம்பை இறுகப் பிடித்திருந்தார்.

முதலாளிக்கு முகம் மாறியது. "கண்ணு தெரியாத ஆளை வெச்சா சக்கரம் ஓட்டறேன்? நாளைக்குக் கை போச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீங்க வீட்டுக்குப் போங்க. அப்புறம் பாப்போம்."

அந்த 'அப்புறம்' எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"அவரை அனுப்பினா நானும் வரமாட்டேன் சார். அவரு மெருகு போட்டதுல இதுவரைக்கும் ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா? சக்கரத்தை ஜன்னல் பக்கம் மாத்தி, அதுக்கு ஒரு தடுப்புக் கூண்டு போட்டா அவருக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு. குழாயை நீட்டணும், அவ்வளவுதான். முடியாதுன்னா சொல்லிடுங்க. தொழிலாளர் ஆபீசுக்கு எந்த பஸ்ஸுன்னு போன வருஷமே விசாரிச்சு வெச்சிருக்கேன்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். முதலாளி அவளை முறைத்தார், அவரை முறைத்தார், தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று மெருகுக்காரர் வீட்டுக்குப் போகவில்லை. சக்கரத்தைத் தொடாமல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் பிளம்பர் வந்து குழாயை நீட்டினார். சக்கரம் கண்ணாடிக் கூண்டோடு ஜன்னல் பக்கம் போனது. அவள் தலைக்கு மேலே இரண்டு டியூப்லைட்டும் அணைந்தன. முதலாளி அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலையைத் தவிர வேறு பேச்சும் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவரே மெருகுக்காரரின் வீட்டுக்குப் போன் போட்டு, அவர் மனைவியிடம் கண் டாக்டர் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

மறுநாள் மதியம் மெருகுக்காரரின் மனைவி வந்தார். கணவரைத் தேடாமல், தொப்பியை அடையாளம் வைத்து நேராக அவள் மேஜைக்கு வந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எனக்குத் தெரியல. ஒரே வீட்டுல இருக்கேன். வர வர எல்லாத்தையும் தட்டிவிடுறாரேன்னு திட்டிக்கிட்டே இருந்தேன்."

சொல்லிவிட்டு அவர் வெளியே போய் நின்றார். தொப்பிக்காரி ஜன்னல் பக்கம் போய், மெருகுக்காரருக்கு நேர் எதிரே நின்று, "அக்கா வந்திருக்காங்க" என்றாள். அவர் சக்கரத்தை நிறுத்தினார். கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

பார்க்கக் கூடாது என்று தோன்றியும் அவளால் ஜன்னலைவிட்டு நகர முடியவில்லை. வெளியே மனைவி எதையோ கேட்டார். அவர் தலையைக் குனிந்தார். மறுபடி கேட்டார். படியிறங்கும் இடத்தில் அந்த அம்மாள் அவர் கையைப் பிடிக்க, மெருகுக்காரர் வெடுக்கென்று உதறினார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கொஞ்சம் பொறுத்து, அவரே கையை நீட்டினார்.