சூடானால்தான் வரும்

விளக்கை அணைக்கச் சம்யுக்தாவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் ஒரு துளை இருந்தது. அதில் தீப்பெட்டி அளவு ஸ்கேனரைச் செருகினாள். கைபேசியில் பிழை எண் வந்தது. எப்போதும் வரும் அதே எண். அழிக்கலாமா என்று கைபேசி கேட்டது. தொட்டாள். டாஷ்போர்டில் எஞ்சின் வடிவத்தில் எரிந்துகொண்டிருந்த ஆரஞ்சு விளக்கு, ஒன்றுமே நடக்காததுபோல் அணைந்தது.

"முடிஞ்சுதா?" அவள் கணவன் ஸ்ரீகாந்த் ஜன்னலில் குனிந்து கேட்டான்.

"ம்."

"பார்த்தியா, பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் வீண் போகல."

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் சொல்வதுதான் இது. பாசிங் என்கிற வருடாந்திர வண்டிச் சோதனைக்கு முந்தின நாள் யாராவது கதவைத் தட்டுவார்கள். "சிஸ்டர், அந்த லைட்டை மட்டும் கொஞ்சம்..." என்பார்கள். என்ன கோளாறு என்று யாரும் கேட்டதில்லை. அவளாகச் சொல்லத் தொடங்கினாலும் பாதியில் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அணைந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். அஜ்மானில் பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன.

ஆனால் இது அவர்களுடைய வண்டி. இதன் கோளாறு அவளுக்குத் தெரியும்.

போன மாதம் துபாயிலிருந்து திரும்பும்போது ஷார்ஜா நெரிசலில் வெகுநேரம் ஊர்ந்தார்கள். நெரிசல் விட்டு 311-ம் எண் நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கும்போது ஸ்ரீகாந்த் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். வண்டி கேட்கவில்லை. முனகியது. நடுத் தடத்தில், மாட்டுவண்டி வேகத்தில் போனது. பின்னால் ஒரு ட்ரெய்லர் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே வந்து, கடைசி நொடியில் விலகிப் போனது. அதன் சக்கரம் அவள் ஜன்னலுக்கு நேராக, அவள் தலைக்கு மேலே சுற்றியது. ஸ்ரீகாந்த் எப்படியோ வண்டியை ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினான்.

அவள் தேடிப் படித்தாள். எஞ்சினுக்குக் காற்றை விடும் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று இரண்டு சென்சார்கள் சொல்கின்றன. இரண்டும் ஒரே பதிலைச் சொல்லாவிட்டால் எஞ்சின் இரண்டையுமே நம்பாது. இருக்கிற இடத்திலேயே அடங்கிவிடும். அதன்பிறகு அவள் தினமும் கவனித்தாள். காலையில் வராது. குளிர்ந்திருந்தால் வராது. வெயிலில், ஏசி ஓட, வண்டி சும்மா நின்றால் வரும்.

"சூடானால்தான் வருது," என்று ஒருநாள் சாப்பாட்டின்போது அவனிடம் சொன்னாள். அவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டான். அன்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

இப்போது ஸ்ரீகாந்துக்கு ஓமானில், சோஹாரில் வேலை. அடுத்த வாரம் சேர வேண்டும். அதற்குள் வண்டியை விற்றாக வேண்டும். மாற்ற வேண்டிய பாகம் வர நாளாகும் என்று கராஜில் சொல்லிவிட்டார்கள். வாங்க வருபவர் கௌஸ் முகைதீன், கீழக்கரைக்காரர். மனைவி ஷம்சியாவுக்காக வாங்குகிறார்.

"சொல்லிடலாமா, என்ன கோளாறுன்னு?" சம்யுக்தா ஸ்கேனரைக் கைப்பையில் போட்டாள்.

"சொன்னா எவன் வாங்குவான்? நமக்கு வித்தவன் சொன்னானா?"

"இல்ல..."

"அப்புறம் என்ன. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். வெயிலுக்கு முன்னாடி முடிச்சிரலாம்."

லிஃப்டில் ஏறிய பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. வெயிலுக்கு முன்னாடி. அவள் கண்டுபிடித்துச் சொன்னதை அவன் மறக்கவில்லை. நன்றாக நினைவில் வைத்திருந்தான்.

மறுநாள் காலையில் கௌஸ் முகைதீன் ஓட்டினார். ஸ்ரீகாந்த் முன்னால் அவர் பக்கத்தில். பெண்கள் இருவரும் பின்னால். கடற்கரைச் சாலை காலியாக இருந்தது. வண்டி வெண்ணெயாக ஓடியது.

"நீ ஓட்டிப் பாக்குறியா?" கௌஸ் கண்ணாடி வழியே மனைவியைக் கேட்டார்.

"வேணாம் மச்சான். லைசன்ஸ் வாங்கின சூடு ஆறட்டும்." ஷம்சியா சம்யுக்தாவின் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "அஞ்சு தடவ ஃபெயில் போட்டாங்க. ஆறாவது தடவ அந்தப் போலீஸ்காரம்மா 'கலாஸ், யல்லா, போ'ன்னுட்டா. பாஸ் போட்டாளா, தொல்ல விட்டுதுன்னு தொரத்தினாளான்னு இன்னும் தெரியல."

சம்யுக்தாவும் சிரித்தாள்.

"துபாய்ல ஒரு கிளினிக்ல லேப் டெக்னீசியனா சேந்திருக்கேன். தினம் 311-லதான் போய் வரணும். மச்சானுக்கு வேற டியூட்டி டைம், கூட வர முடியாது." ஷம்சியா பேச்சோடு பேச்சாகச் சம்யுக்தாவின் முழங்காலில் கை வைத்தாள். "எனக்கு அழகு, கலரெல்லாம் வேணாங்க. நடுரோட்டுல நிக்காம இருந்தாப் போதும். நீங்க இதுல போயிருக்கீங்கள்ல? எப்படி?"

சம்யுக்தா வாயைத் திறந்தாள். முன் இருக்கையில் ஸ்ரீகாந்தின் தோள் சற்று நிமிர்ந்ததைப் பார்த்தாள்.

"பழகிட்டோம்," என்றாள்.

கல்லூரியிலும் அப்படித்தான். வாய்மொழித் தேர்வில் விடை நெஞ்சுக்குள் நிற்கும், நாக்குக்கு வராது. பலகையில் எழுதிக் காட்டித் தப்பித்தாள். இங்கே பலகை இல்லை.

தங்கள் பேட்டையான நுஐமியாவுக்குள் திரும்பும்போது ஸ்ரீகாந்த் சொன்னான், "அவ்வளவுதான் பாய். அப்படியே போய்ப் பேப்பர் வேலையை ஆரம்பிச்சிடுவோமா?"

"டீ குடிச்சிட்டுப் போலாம்."

சொன்னது சம்யுக்தா. அவளுக்கே தன் குரல் புதிதாகக் கேட்டது.

"அதானே! தங்கச்சி சொல்றதுதான் சரி," என்று கௌஸ் ஒரு கஃப்டீரியா முன்னால் வண்டியை ஓரம் கட்டி ஹாரன் அடித்தார். உள்ளிருந்து ஒருவர் கை காட்டினார். அங்கே யாரும் இறங்குவதில்லை, எஞ்சினையும் நிறுத்துவதில்லை. டீ வண்டிக்கே வரும். வெயில் எதிர்க் கட்டடத்தைத் தாண்டி வந்து பானெட்டின்மேல் விழுந்திருந்தது.

கண்ணாடியில் ஸ்ரீகாந்தின் கண்கள் அவளைத் தேடி வந்தன. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எஞ்சினை ஆஃப் பண்ணிடலாமே பாய்."

"ஏசி இல்லாம உக்காரவா? வெந்துருவோம் தம்பி."

காகிதக் கோப்பைகளில் கடக் டீ வந்தது. சம்யுக்தா கௌஸின் தோளுக்கு மேலாக டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஒருமுறை நடுங்கியது போலிருந்தது. வெறும் பிரமையோ என்னவோ. ஆரஞ்சு விளக்கு இருக்கும் இடம் கறுப்பாகவே இருந்தது. கௌஸ் மெதுவாகக் குடித்தார், ஊரிலிருக்கும் தன் வாப்பாவின் கண் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார். ஸ்ரீகாந்த் எல்லாவற்றுக்கும் "ஆமா பாய், ஆமா பாய்" என்றான். ஷம்சியா காலிக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை மீண்டும் சம்யுக்தாவின் முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

விளக்கு வரவில்லை.

"சரி தம்பி. வண்டி புடிச்சிருக்கு. பிஸ்மில்லா சொல்லி முடிச்சிருவோம்," கௌஸ் கியரில் கை வைத்தார். ஸ்ரீகாந்த் மூச்சை விட்டது பின்னால்வரை கேட்டது.

தான் சொல்ல வேண்டியதை ஒரு விளக்கிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருந்தது சம்யுக்தாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பாய்," என்றாள். "லைட்டை நான்தான் அணைச்சேன்."

"எந்த லைட்டு?"

"செக் எஞ்சின். நேத்து எரிஞ்சுது. நான் ரீசெட் பண்ணினேன்."

"சம்யு," ஸ்ரீகாந்த் திரும்பினான். "அது ஒரு சின்ன சென்சார் பாய், எல்லா வண்டியிலயும்..."

"சின்னது இல்ல." அவள் ஷம்சியாவைப் பார்க்காமல், மடியிலிருந்த கோப்பையைப் பார்த்துப் பேசினாள். "வண்டி சூடானா வரும். ஆக்ஸிலேட்டர மிதிச்சாலும் போகாது. 311-ல எங்களுக்கு அப்படி ஆச்சு. பின்னாடி ட்ரெய்லர் வந்துச்சு."

ஏசியின் இரைச்சல் மட்டும் இருந்தது. கௌஸ் சாவியைத் திருப்பினார். அதுவும் நின்றது.

ஷம்சியா தன் கையைச் சம்யுக்தாவின் முழங்காலிலிருந்து எடுத்துக்கொண்டாள். "இம்புட்டு நேரம் எங்கிட்ட சிரிச்சுப் பேசிட்டு வந்தீங்களே," என்றாள். கோபமாகக்கூட இல்லை. அதிசயப்பட்டதுபோல் சொன்னாள்.

கௌஸ் சாவியை டாஷ்போர்டின்மேல் வைத்தார். "நம்ம ஊர் ஆளுன்னு நம்பி வந்தோம் தம்பி." இருவரும் இறங்கினார்கள். ஷம்சியா கோப்பைகளைத் தொட்டியில் போட்டாள். டாக்சி வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்ரீகாந்த் ஓட்டுநர் இருக்கைக்கு மாறினான். சம்யுக்தா இறங்கி முன்னால் வந்து உட்கார்ந்தாள். வண்டி வெகுதூரம் போனது. பிறகு அவள் கையிலிருந்த கோப்பையைக் கண்ணால் காட்டினான். அது நிரம்பியே இருந்தது, மேலே ஆடை கட்டியிருந்தது.

"நீதான் டீயே குடிக்க மாட்டியே."

அவள் கோப்பையைக் கதவோரத்துக் குழியில் வைத்தாள்.

"அடுத்த வாரத்துக்குள்ள இத இனி யாருக்கு வித்துட்டு நான் போய்ச் சேருவேன்னு ஒரு நிமிஷம் நெனச்சியா?"

"நெனச்சேன்."

சிக்னலில் வரிசை நீளமாக இருந்தது. வெயில் கண்ணாடியை அடைத்து நின்றது. முள் நடுங்கியது. இந்த முறை பிரமை இல்லை. ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

ஸ்ரீகாந்த் அதையே பார்த்தான். "இப்ப வருது பாரு," என்றான். பிறகு, பழக்கத்தில், "அணை," என்றான்.

அவள் கையும் பழக்கத்தில் கைப்பைக்குள் போயிருந்தது. ஸ்கேனர் விரலில் பட்டது. அதை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தாள்.

பச்சை விழுந்தது. அவன் மிதித்தான். வண்டி முனகியது. பின்னால் ஹாரன்கள் தொடங்கின.

"ஹசார்டு போடுங்க," என்றாள் சம்யுக்தா. "மெதுவா, வலது ஓரமாப் போங்க. நான் பாத்துச் சொல்றேன்."

அவன் போட்டான். அவள் ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி, பின்னால் வரும் வண்டிகளை நிறுத்தச் சொல்லி ஆட்டினாள்.