மறைக்க வைத்திருந்த மூன்று சொற்கள்

1.

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் யாராவது கேட்பீர்கள்.

எங்கள் ரக்பி அணியின் பயிற்சி மைதானத்தில், மருத்துவ அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவது என் வேலை. வேல்ஸின் இந்த மேற்கு மூலைக்கு வந்து இருபத்திரண்டு ஆண்டாகிறது. ஒரு ஜூலை மாதம், அந்த அறையிலிருந்து வெளியே வந்த ஆட்டக்காரர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு வாக்கியம் பேசினார். மூன்றை யாரிடமும் சொல்லாதே என்றார். சொல்லவில்லை. நான்காவது இது: "மறைக்கலாம்னு வச்சிருந்தேன். தேடினா காணோம்."

கதையில் வருபவன் அவரல்ல. பெயர், வயது, ஆடும் இடம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அறைக்குள் நடந்ததாக நான் எழுதுவது முழுக்கக் கற்பனை. கதவு சாத்தியிருந்தது.

2.

தொடக்கம் மூன்று எழுதினேன்.

ஒன்று: "அவன் தலைக்குள் பதினான்கு வருடமாக இடி இடித்துக்கொண்டிருந்தது." அடித்துவிட்டேன். ஜம்பமாக இருக்கிறது.

இரண்டு: "மனித மூளை மென்மையானது. மண்டையோட்டுக்குள் அது கிண்ணத்துத் தயிரைப் போல" போதும். பள்ளிக்கூடக் கட்டுரை.

மூன்று, இருக்கட்டும்:

யெஸ்டினுக்கு முப்பத்து மூன்று வயது. எதிராளி பந்தோடு ஓடிவந்தால் இடுப்பைக் கட்டிச் சாய்ப்பது அவன் தொழில். ஓர் ஆட்டத்தில் இருபது முறை சாய்ப்பான். இருபது முறையும் தானும் சேர்ந்து விழுவான். போன சீசனில் மூன்று முறை எழுந்திருக்கத் தாமதமானது. அதில் ஒன்று அவனுக்கே நினைவில்லை. வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டான். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், இன்னும் ஒரு வருடத்துக்கு. அந்த ஒரு வருடம்தான் அவனுக்கு வேண்டும்.

3.

தேர்வைப் பற்றிக் கொஞ்சம். சீசன் தொடங்குமுன், தலை நன்றாக இருக்கும்போதே ஒவ்வோர் ஆட்டக்காரரையும் உட்காரவைத்துச் சோதிப்பார்கள். பத்துச் சொற்களை மூன்று முறை படித்துக் காட்டி, ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். எண்களைப் பின்னாலிருந்து. மாதங்களைப் பின்னாலிருந்து. ஒற்றைக் காலில் நிற்கவேண்டும். கடைசியில், கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பத்துச் சொற்களை மறுபடி கேட்பார்கள். கிடைத்த மதிப்பெண்ணுக்குப் பேஸ்லைன் என்று பெயர். பின்னால் ஆட்டத்தில் தலையில் அடிபட்டால், மறுபடி சோதித்து இதோடு ஒப்பிடுவார்கள். குறைந்தால் வெளியே.

ஆகவே சிலர் முன்கூட்டியே குறைத்துவைக்கிறார்கள். நன்றாக இருக்கும்போதே பத்துக்கு ஏழு சொல்லிவிட்டால், அடிபட்ட பிறகு ஏழு சொன்னாலும் குறைவாகத் தெரியாது. உடைமாற்றும் அறையில் இதற்கு அவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் நான் வைத்த பெயர்: மட்டம் போடுவது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட எவருக்கும் விளங்கும். மட்டத்தை இறக்கிவைப்பதும் மட்டம்தான் என்பதால் இந்தச் சொல்லில் எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம்.

4.

யெஸ்டின் தன் முறைக்காகக் காத்திருந்தான். பக்கத்தில் டெயோ, இரண்டு அணியும் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் முன்வரிசையில் நிற்பவன், காது இரண்டும் முட்டைக்கோஸ் மாதிரி. பன்றி இறைச்சி வைத்த பன்னைத் தின்றுகொண்டிருந்தான்.

"என்னடா, படிச்சிட்டு வந்தியா?"

"எதைப் படிக்க?"

"அதான், படிக்காத மாதிரி எழுதணும்ல. அதுக்கும் படிக்கணும்டா மச்சான்." டெயோ விரலை நக்கினான். "மூணாவது, ஆறாவது, ஒம்பதாவது. மூணையும் முழுங்கிடு. மத்த ஏழைச் சொல்லு. முடிஞ்சது."

"நீ எத்தனை சொன்ன?"

"நானா? முழுங்கறதுக்கு முன்னாடியே எனக்கு ஆறுதான் வந்துச்சு. நமக்கு மூளை பொறக்கும்போதே மட்டம்." சிரித்தான். "எல்லா லிஸ்ட்டும் என் போன்ல இருக்கு, ஆறு லிஸ்ட்டு. வேணும்னா காட்டறேன்."

"வேண்டாம்டா. மூணைத்தானே முழுங்கணும். அது முடியும்."

(டெயோவை முதலில் கெட்டவனாக எழுதியிருந்தேன். மூன்றாவது பிரதியில் கையில் பன்னைக் கொடுத்தேன். அப்புறம் அவனைத் திட்ட மனம் வரவில்லை.)

5.

மூல வார்த்தைப் பட்டியல்களை வெளியில் சொல்லக்கூடாது. ஆகவே நானே பத்துச் சொல் எழுத உட்கார்ந்தேன். சுலபம் என்று நினைத்தேன். பட்டியலின் விதி, சொற்களுக்குள் உறவு இருக்கக்கூடாது என்பது. என் கையோ ஏணியை எழுதியதும் பக்கத்தில் ஜன்னலைக் கொண்டுவந்து சாத்திற்று. உடனே ஒருவன் ஏற ஆரம்பித்துவிட்டான். 'ஆறு' என்று ஒரு சொல் வைத்தேன். படிப்பவர் அதை எண் என்று நினைத்துவிடுவார். அதை எடுத்துவிட்டு வண்டு போட்டேன். இரண்டு சாயங்காலம் போயிற்று. முடிவில்:

சீப்பு, தேன், ஏணி, புலி, மெழுகு, தொப்பி, ஜன்னல், நாணயம், வண்டு, ஊசி.

அணியின் டாக்டர் நோன் இதை ஆங்கிலத்தில், மணிச் சத்தம்போல ஒரே சீராகப் படித்தார். வட்டமான உள்ளூர் கேக் ஒன்றைக் கடித்துவிட்டு வந்திருந்ததால், திராட்சையும் துணுக்கும் தாளில் விழுந்தன, தட்டிவிட்டார்.

யெஸ்டின் ஏழு சொன்னான். அவர் மறுபடி படித்தார். ஏழு. மூன்றாம் முறையும் ஏழு. மூன்று முறையும் ஏணியும் தொப்பியும் வண்டும் நாக்கு நுனிவரை வந்தன, உள்ளே தள்ளினான். வியர்த்தது. தெரிந்ததைத் தெரியாது என்பது இருபது பேரைச் சாய்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

எண்கள் ஆயின. மாதங்களை வெல்ஷில் சொல்லட்டுமா என்றான். அவன் வீட்டில் பேசுவது அதுதான். டாக்டரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். சொல்லு என்றார். டிசம்பரிலிருந்து ஜனவரிவரை தடுக்காமல் இறங்கினான்.

"அடேயப்பா, டீச்சர் கேட்டா அழுதுருவாங்க."

"அடிச்சுச் சொல்லிக்கொடுத்தாங்க, டாக்டர். அழுதது நாங்க."

ஒற்றைக் காலில் நின்றான். ஜன்னலுக்கு வெளியே மழையில் யாரோ பயிற்சிக் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சரி. மொதல்ல படிச்ச வார்த்தைங்க ஞாபகம் இருக்கா? எந்த வரிசைல வேணும்னாலும் சொல்லு."

"சீப்பு. தேன். புலி. மெழுகு." நிறுத்தினான். "ஊசி."

இன்னும் இரண்டு சொல்லலாம், மூன்றை முழுங்க வேண்டும். திட்டம் அதுதான். முழுங்க வேண்டியவை பத்திரமாக இருக்கின்றனவா என்று உள்ளே பார்த்தான். மூன்றாவது என்று ஒன்று இருந்தது. அதை மறைத்தது நினைவிருந்தது. அது என்னவென்று தெரியவில்லை. ஆறாவது இல்லை. ஒன்பதாவது இல்லை. சொல்லவேண்டிய இரண்டும்கூட இல்லை. சாவி மட்டும் கையில் இருக்க, பூட்டு

(இந்த உவமையை இங்கேயே விடுகிறேன். அவனுக்கு அப்போது உவமை தோன்றியிருக்காது.)

6.

டாக்டர் போன வருடத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்பது. இது ஐந்து.

"ஏம்ப்பா, என் காதுல பூ சுத்துறியா?"

"என்ன டாக்டர்?"

"மூணு தடவையும் அதே மூணு வார்த்தை விட்டுப்போச்சு. மூணாவது, ஆறாவது, ஒம்பதாவது. மறதின்னா இப்படிக் கோடு போட்டா வரும்? டெயோ வித்தைதானே இது?"

யெஸ்டின் போன வருடத் தாளில் இருந்த ஒன்பதைப் பார்த்தான்.

"திட்டமாட்டேன். போன வாரம்கூட ரெண்டு பேரு இதே வேலை பண்ணாங்க. மட்டம் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, இந்தத் தாளைக் கிழிச்சிடறேன். செவ்வாக்கிழமை வேற லிஸ்ட்டு, ஒழுங்கா எழுது. அவ்ளோதான்."

"போடலைன்னு சொன்னா?"

டாக்டர் கேக்கை ஓரமாக நகர்த்தினார். "அப்ப அஞ்சுதான் உன் நம்பர். நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பணும். அவர் சரின்னு சொல்றவரைக்கும் யாரையும் நீ சாய்க்கக்கூடாது. எத்தனை மாசமோ, தெரியாது."

அவர் தவறு செய்கிறார் என்பது யெஸ்டினுக்கு விளங்கியது. நியாயமான தவறு. முதல் பாதியில் அவன் மட்டம் போட்டான்; கண்டுபிடித்துவிட்டார். அதனால் இரண்டாம் பாதியும் மட்டம்தான் என்று நினைக்கிறார். இத்தனை வருடம் ஆட்டக்காரர்களைப் பார்த்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

6-அ. (பிறகு சேர்த்தது)

இந்த இடத்தில் அவன் மனைவி லவ்ரியைக் கொண்டுவரப் பார்த்தேன். "மார்ச் மாதம் ஒரு நாள், பத்து வருடமாகப் போய்வந்த மாமியார் வீட்டு வழியில், திருப்பத்தில் காரை நிறுத்திவிட்டு அவன்" எழுதவில்லை. அந்த வாக்கியத்தை முடித்தால் நீங்கள் அவனுக்காகத் தீர்ப்புச் சொல்லிவிடுவீர்கள். அந்த அறையில் அவனுக்குத் தெரிந்தது ஐந்து என்ற எண் மட்டும்தான். உங்களுக்கும் அதுவே போதும்.

7.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(க) "ஆமா டாக்டர், மட்டம்தான் போட்டேன்" என்கிறான். தாள் கிழிகிறது. டெயோவின் போனைப் பார்த்து லிஸ்ட்டுகளை மனப்பாடம் செய்கிறான். செவ்வாய்க்கிழமை ஒன்பது. சீசன் தொடங்குகிறது. இது பொய்கூட இல்லை, பாதி உண்மை. எழுத அரை மணி நேரம்தான் ஆயிற்று. வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டு போயின. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

(உ) "இங்கிலீஷ் வார்த்தை டாக்டர், ஒட்டலை" என்கிறான். டாக்டர் அரைமனதாக நம்புகிறார். அவருக்கும் தாய்மொழி வெல்ஷ். ஆனால் போன வருடம் ஒன்பது சொன்னதும் ஆங்கிலத்தில்தான். இருவருக்கும் அது தெரியும். இருவரும் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான்கு பக்கம் எழுதி, கூச்சமாகி, கிழித்துவிட்டேன்.

(ங) "அஞ்சுதான் டாக்டர். மறைக்க வச்சதும் காணாமப்போச்சு." இதை எழுதினால் கதை முடியவே மாட்டேன் என்கிறது. ஸ்கேன், காத்திருப்பு, ஒப்பந்தம் கையைவிட்டுப் போவது, வீட்டில் பகல் வேளைகளில் என்ன செய்வது, எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

8.

எந்த முடிவை வைத்தாலும் எழுதுகிறவன் அவன் வாயைத் திறந்து சொல்லைத் திணித்தது போலாகிறது. ஆகவே தாமதிக்கிறேன். அவர்கள் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறார்கள்.

"எனக்குத் தெரியணும் யெஸ்டின். மட்டமா, இல்லையா?"

"உங்களால கண்டுபிடிக்க முடியாதா?"

"முடியாது. உள்ள இருந்ததை வெளிய விடலையா, உள்ளயே இல்லையான்னு இந்தத் தாளுக்குத் தெரியாது. நீ சொன்னாத்தான்."

அவன் தலையசைத்தான். உதடு பிரிந்தது.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான். அவன் தேடியதையும் காணாததையும் டாக்டருக்குச் சொல்ல வழியில்லை. அவருக்கு என் எழுத்து எட்டாது. உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர்: அவன், நான், நீங்கள். அவன் பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருக்கிறது. நான் பேனாவை மூடிவிட்டேன். நீங்கள் போய் உட்காருங்கள். டாக்டர் அவசரப்படமாட்டார்.