சலங்கையை விழுங்கும் பெட்டிகள்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பாட்டுக் கேட்கச் சின்ன ஸ்பீக்கர் வாங்குவது எப்படி என்று ஒரு மாத இதழ் என்னிடம் கட்டுரை கேட்டது. என்னிடம் இருப்பதோ, காதோடு ஒட்டினால் மட்டும் பாடும் ஒரு கைப்பேசி. அந்தத் தகுதியோடு அருப்புக்கோட்டையில் ஜான்ராஜின் ஸ்பீக்கர் கடையில் போய் உட்கார்ந்தேன். புத்தக அலமாரியில் அடங்குகிற அளவுப் பெட்டிகள் என்றார். என் புத்தகங்களை வாங்காதவர்கள் வீடுகளில் இடத்துக்குப் பஞ்சம் இருக்காது என்று குறித்துக்கொண்டேன்.

'நல்ல ஒலிக்கு முதல் தேவை நல்ல அறை, அதற்கடுத்து'

என்று எழுதும்போது ஒரு பெரியவர் பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்க உள்ளே வந்தார். கட்டுரை அங்கேயே நிற்கிறது. அவர் வந்து போனது வரைதான் நான் கண்டது. மற்றதெல்லாம் என் கைவேலை.

2

தொடக்கம் ஒன்று: 'விசைத்தறிகளின் இரைச்சலில்' (வேண்டாம். தறி என்றதுமே வாசகர் கைக்குட்டையைத் தேடுவார்.)

தொடக்கம் இரண்டு: 'ஜெகதீஸ்வரன் பெரிய இசை ரசிகர்' (பொய். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பாட்டு.)

சரி, நேராகவே சொல்கிறேன். கடைக்கு வந்த பெரியவர் ஜெகதீஸ்வரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக்காரர். மழை ஏமாற்றிய ஒரு வருடம் அருப்புக்கோட்டைக்கு வந்து விசைத்தறியில் நின்றவர், மகன் மாரிக்கண்ணனைக் கையைப் பிடித்து அதே தறியில் நிறுத்திவிட்டுத்தான் வீட்டில் உட்கார்ந்தார். மனைவி தங்கலட்சுமி அதே பட்டறையில் தறி ஓடத்துக்கு நூல் தார் சுற்றியவர். வீட்டில் உட்கார்ந்தவருக்கு ஓர் ஆசை. வாலிபத்தில் பொங்கல் மைக்செட்டில் கேட்ட பாட்டு ஒன்றை நல்ல பெட்டியில் கேட்க வேண்டும். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் ஓய்ந்து, சலங்கை மட்டும் தனியாக வரும். அந்தச் சலங்கைதான் அவருக்கு வேண்டும். (என்ன பாட்டு என்று கேட்காதீர்கள். இன்னும் மெட்டுப் போடவில்லை.)

3

"தம்பி, இதுவும் முழுங்குது."

"எத அண்ணாச்சி?"

"சலங்கைய. தபேலா வருது, வயலின் வருது. சரியா அந்த எடம் வந்ததும் பொட்டி கம்முனு நிக்குது. நா மட்டும் சொல்லல, எங்க வீட்டுலயும் இல்லைன்னுட்டா. ரெண்டு பேருக்கும் இல்லைன்னா பொட்டியிலதான கோளாறு?"

ஜான்ராஜ் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர். கடையில் போட்டுப் பார்த்தபோது சலங்கை அவருக்குத் தெளிவாகவே கேட்டது.*

"வேற ஜோடி தாரேன். நானே வீட்டுக்கு வந்து மாட்டித் தாரேன்" என்றார்.

* அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கணவன், மனைவி இருவரும் ஒரே பட்டறையின் இரைச்சலுக்குக் காதைக் கொடுத்தவர்கள். ஆனால் கோளாறு பெட்டியில் இல்லை, உங்கள் காதில் என்று எந்தக் கடைக்காரர் சொல்வார்? நானே சொல்ல மாட்டேன். என் கதை புரியவில்லை என்கிறவரிடம்கூட அச்சுப்பிழை என்றுதான் சமாளிக்கிறேன்.

4

[கட்டுரையில் மிஞ்சியது: பெட்டிகளைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ட்வீட்டர் என்கிற, மேலே இருக்கும் சின்ன வட்டம், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்கட்டும். கூர்மையான ஒலியெல்லாம் அதன் வழியாகத்தான் வரும்.]

ஜெகதீஸ்வரன் வீட்டு அலமாரியில் புத்தகம் கிடையாது. வரமிளகாய் டப்பாவையும் மருந்துச் சீட்டுகளையும் ஒதுக்கிவிட்டு ஜான்ராஜ் பெட்டிகளை வைத்தார். பாட்டு தொடங்கியது. ஜெகதீஸ்வரன் பெட்டியின் முகத்துணியைக் கழற்றிவிட்டு, கீழே இருந்த பெரிய வட்டத்தில் உள்ளங்கையை வைத்தார். ஓடும் தறியின் சட்டத்தில் கை வைத்தே அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

"துடிக்குது. இதுல உசுரு இருக்கு." விரல் மேலே போனது. "இந்தச் சின்னது ஆடவே இல்லயே. இதான் கள்ளன்."

"ஐயையோ, அமுக்காதீக அண்ணாச்சி! அது கையில தெரியுற மாதிரி ஆடாது."

தங்கலட்சுமி காப்பியை நீட்டினார். "என்னையப் பொண்ணு பாக்க ஒருக்கத்தான் வந்தாக, தம்பி. பொட்டியத்தான் மாத்தி மாத்திப் பாக்குறாக."

"உன்னையத் திருப்பிக் குடுக்க உங்கப்பன் கடையில எடமில்ல" என்றார் ஜெகதீஸ்வரன்.

சாப்பாட்டுக்கு வந்த மாரிக்கண்ணன் தட்டோடு தரையில் உட்கார்ந்தான். போன ஆவணியில் கல்யாணம் ஆனவன். ஜான்ராஜுக்கு நிம்மதியாக இருந்தது. இளங்காது. இவன் 'கேக்குதே' என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், பழியை வயதின் மேல் போட்டுவிடலாம். வயது யாரையும் அவமானப்படுத்தாது.

அந்த இடம் வந்தது. வயலின் அடங்கியது, தபேலா அடங்கியது. சலங்கை மட்டும் அறையெங்கும் உதிர்ந்தது. ஜான்ராஜுக்குக் கை மயிர் சிலிர்த்தது. அவர் மாரிக்கண்ணனைப் பார்த்தார்.

மாரிக்கண்ணன் பிசைந்த சோற்றோடு நிமிர்ந்தான்.

"என்னண்ணே, பாட்டு நின்னுபோச்சு? கரண்டு போயிருச்சா?"

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ஜெகதீஸ்வரன் தொடையில் தட்டினார். "பாத்தீகளா! எளவட்டப் பயலே சொல்றான். பொட்டிதான் தம்பி, பொட்டியேதான்!"

5

முடிவு அ: "அண்ணாச்சி, பொட்டி நல்லாத்தான்" என்று ஜான்ராஜ் தொடங்குகிறார். இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. தன் காது போனதைக் கிழவர் தாங்கிக்கொள்வார். மகனைத் தறியில் நிறுத்தியது யார் கை?

முடிவு ஆ: "கோளாறுதான் அண்ணாச்சி, கம்பெனிக்கு அனுப்பிருவோம்." எல்லோரும் சிரித்துக் காப்பி குடிக்கிறார்கள். இதை முழுதாக எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. அதில் மாரிக்கண்ணனும் சிரித்துவிட்டு வேலைக்குப் போகிறான். கிழித்துவிட்டேன்.

முடிவு இ: டாக்டர், காதுக் கருவி, சலங்கை, ஆனந்தக் கண்ணீர். இதற்கு எனக்குப் பாராட்டுக் கடிதம் வரும். ஆனால் தறி தின்ற செவி திரும்பி வருவதில்லை. மிஞ்சியதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். அப்பாவிடம் மிஞ்சியது சொற்பம். மகனிடம்

6

நான் அளந்துகொண்டிருக்கும்போதே அவன் கை கழுவிவிட்டான். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. பஞ்சும் நூலும் பறக்கிற அந்தப் பட்டறையில் காதை அடைக்கவென்று ஒரு துணுக்கு ஒதுக்கத் தோன்றியவர் எவருமில்லை. ஜான்ராஜின் வாய் திறந்திருக்கிறது. எட்டுக்கட்டை ஏறுகிற குரல், இப்போது ஒரு கட்டைகூட ஏற மாட்டேன் என்கிறது. நானே "மாரி" என்று பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். அவன் திரும்பவில்லை. என் எழுத்துக்குச் சத்தம் போதாதோ என்றுதான் முதலில் கவலைப்பட்டேன். எழுத்தாளன் புத்தி அப்படி.

நான் அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறேன். நீங்கள் வாசலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள், அவன் முகம் உங்களைப் பார்த்திருக்கிறது. நேருக்கு நேர் நின்று சொன்னால் உதட்டசைவிலேயே அவனுக்குப் புரியும். என்னால் ஆனது, இந்த வாக்கியத்தை முடிக்காமல் வைத்து அவனைக் கொஞ்சம் நிறுத்துவதுதான். ஒரு காலில் செருப்பு ஏறிவிட்டது, மாரிக்கண்ணன் மற்றக் காலை