புள்ளி பதினான்கு

தகன நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் தொங்கிய திரையை எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஓடுவதை எழுதியவனும் அவர்களோடு நின்று பார்த்தான். நேரம், உலை எண், இறந்தவர் பெயர், கடைசியில் 'மேற்பார்வை' என்று வரிவரியாக அச்சிடும் அந்தச் சின்னக் கணினி நிரல், ஷெல் ஸ்கிரிப்ட், அவன் கைவேலை. ஒப்பந்தத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவன். இன்று வேலையாக வரவில்லை.

திரையில் அவனுடைய அப்பா இருந்தார். அதாவது, கொஞ்சம் இருந்தார். பெயரின் முதல் மூன்று எழுத்தும், அதன் வாலில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறியும்.

அந்த மேற்பார்வைக் கட்டம் நிலையக் கண்காணிப்பாளரின் ஆசை. பட்டம், பதவி, பெயர் மூன்றும் ஒவ்வொரு வரியிலும் வந்தாக வேண்டும் என்றார். யாரும் அவர் மேற்பார்வையில் சாகவில்லை. எரிவதாவது அவர் மேற்பார்வையில் நடக்கட்டுமே என்று நினைத்தாரோ என்னவோ. திரையில் பாதி அவருக்கே போயிற்று. மிச்சத்தில் இறந்தவர் பெயருக்குப் பதினான்கு இடம் ஒதுக்கினான். அச்சிடும் கட்டளையில் ஒரு புள்ளி வைத்துப் பதினான்கு என்று எழுதினால் அதற்கு மேல் வருவதை அது வெட்டிவிடும். ஆங்கிலப் பெயர்களைப் போட்டுச் சோதித்தபோது கச்சிதமாக இருந்தது.

பெயர்களைத் தாய்மொழியில் ஏற்ற ஆரம்பித்ததும் குட்டு வெளிப்பட்டது. அந்தக் கட்டளை எழுத்தை எண்ணுவதில்லை, கணினிக்குள் எழுத்து அடைக்கும் இடத்தை, அதாவது பைட்டை எண்ணுகிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும்; நம் எழுத்து ஒன்று மூன்று பைட் தின்னும். கொம்போ காலோ இருந்தால் ஆறு. பதினான்காவதில் கத்தி விழும்போது ஏதோ ஒரு எழுத்து நடுவில் அறுபடும். அறுபட்டது கேள்விக்குறியாகிவிடும். அவனுக்கு இது தெரியாமல் இல்லை. புகார் வந்தபோது "ஃபான்ட் பிரச்சினை" என்று சொல்லி முடித்துக்கொண்டான். கண்காணிப்பாளருக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. "என் பேரு முழுசா வருதில்ல? அப்புறம் என்ன?" என்றார்.

அப்பா ஒருமுறை அவன் போனில் அந்தத் திரையின் படத்தைப் பார்த்தார்.

"ஏண்டா, பேருக்குப் பின்னால கேள்விக்குறி போட்டிருக்கீங்க? ஆள் செத்தாரா இல்லையான்னு உங்க ஆபீசுக்கே சந்தேகமா?"

அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"சிரிக்காதடா. என் பேரெல்லாம் இதுல வந்தா என்னாகும்?"

"வரும்போது பாத்துக்கலாம்பா."

இப்போது வந்திருந்தது.

திரைக்குக் கீழே இன்னொரு குடும்பமும் நின்றது. அவர்கள் வீட்டில் இறந்தவர் பெயரும் அதே மூன்று எழுத்தில் தொடங்கும் போலிருக்கிறது. அந்தக் குடும்பத்து அம்மாள் அவனுடைய அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "இதுல எது எங்களோடது, எது உங்களோடதுன்னு தெரியுதாம்மா?"

அக்கா தம்பியைத் தனியே இழுத்தாள்.

"டேய், இது அப்பா இல்லடா. ஆளு குள்ளம், பேரு நீளம்னு ஊரே கேலி பண்ணுச்சு, ஒரு எழுத்தக் குறைச்சாரா? பேங்க் ஃபாரத்துல கட்டம் பத்தலன்னா ஓரத்துல எழுதுவாரு. இந்த மொட்டப் பேரோட நான் அவர உள்ள அனுப்ப மாட்டேன்."

"இன்னும் ரெண்டு பேருக்கு அப்புறம் நம்ம முறை, அக்கா."

"அதுக்குள்ள செய். நீ எழுதினதுதானே?"

அலுவலக அறையில் பதிவு செய்யும் பெண் கணினி முன் இருந்தாள். பின்னால் கண்காணிப்பாளர் நாற்காலியை நிறைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரலில் தேன் ஒழுகியது.

"துக்கத்துல இருக்கீங்க தம்பி. போய் உக்காருங்க. அது மேலிடத்துல ஒப்புதல் வாங்கின ஃபார்மேட்டு. நெனச்ச நேரத்துக்கு மாத்த முடியுமா?"

"சார், எழுதினது நான். செத்தது எங்கப்பா."

கண்காணிப்பாளர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் அந்த வரியைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு புள்ளி, இரண்டு இலக்கம். அழித்தான். அழிக்கச் சில நொடி கூட ஆகவில்லை. இத்தனை நாளாக யார் யாரோ இங்கே நின்று பாதிப் பெயரைப் பார்த்துவிட்டுப் போனது இதற்காகத்தானா என்று நினைத்தபோது விரல் விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது. பிறகு சேமித்தான்.

அறையில் இருந்த சின்னத் திரையும் கூடத்துத் திரையும் ஒன்றாக மாறின. பெயர்கள் இஷ்டத்துக்கு நீண்டன. நேர்கோடாக நின்ற கட்டங்கள் கோணல்மாணலாயின. மேற்பார்வைக்கு இடம் பற்றவில்லை. பட்டமும் பதவியும் வரியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டன; கண்காணிப்பாளரின் பெயர் மட்டும் மடிந்து அடுத்த வரியின் தொடக்கத்தில் விழுந்தது. இறந்தவர்களுக்கு நடுவே, அடுத்த உலைக்குக் காத்திருப்பவர் மாதிரி, தனியாக.

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, எடுங்க. என் பேர முதல்ல எடுங்க."

"ஒப்புதல் வாங்கின ஃபார்மேட்டு சார்."

"அட, எடுய்யா!"

எடுத்தான். பதிவு செய்யும் பெண் குனிந்து எதையோ தேடுவதுபோல் மேசைக்கடியில் தலையை விட்டுக்கொண்டாள்.

அவன் கூடத்துக்குத் திரும்பியபோது அந்த இன்னொரு குடும்பத்து அம்மாள் தன் வரியைக் கண்டுபிடித்து, விரலை உயர்த்தி மகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அக்கா சுவரோரம் நின்று அப்பாவின் பெயரை, பள்ளிப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி, கடைசி எழுத்துவரை வாய்விட்டு வாசித்தாள். வாசிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"முழுசா இருக்குடா" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

உள்ளிருந்து கூப்பிட்டார்கள். தள்ளுவண்டியின் ஒரு பக்கம் அவள் பிடித்தாள், மறுபக்கம் அவன். கதவு வரைதான் விடுவார்கள்.

முறை முடிந்தவரின் வரியை நீக்கிவிட்டுக் கீழே உள்ளவற்றை மேலே ஏற்றும் கட்டளையும் அவன் எழுதியதுதான். அதில் ஒரு பிழையும் இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சரியாக வேலை செய்தது.